ஜன்னல் திரைக்குப் பின்னே

எதிர் வீட்டு மாமி ஒருத்தி இல்லாத தெரு ஏதாவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். மூட்டை முடிச்சுடன் உடனே குடி வந்துவிடுகிறேன் என்று போன வருஷம் வரையில் நான் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், கடல் கடந்த ஓர் எதிர் வீட்டு மாமியை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும்.

அவள் பெயர் கிளாடிஸ் கிராவிட்ஸ். அமெரிக்காவில் 1964-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி தொடங்கி 1972 வரையில் எட்டு வருஷம் ஓடிய 'பிவிட்ச்ட்' என்ற ஹாஸ்யத் தொடரில் வருகிறவள். மொத்தம் 254 பகுதிகள். முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் இரண்டாவது இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோடை விடுமுறையில் என் மகள் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். வெண்டைக்காய் நறுக்கி முடிந்தது, நான் எழுந்திருக்கவில்லை!

கதை இதுதான். ஸமாந்தா என்ற அழகான பெண், பிறவியிலேயே மாய சக்தி உள்ளவள். டாரின் என்ற விளம்பரக் கம்பெனி உத்தியோகஸ்தனை மணந்துகொள்கிறாள். "இனிமேல் மந்திரம், மாயம் ஒன்றும் கூடாது, மற்ற வீட்டுப் பெண்களைப் போல அடுப்பை மூட்டிச் சமை, துடைப்பத்தைப் பிடித்துப் பெருக்கு" என்று அவன் கட்டளையிடுகிறான். அவளும் சரி என்கிறாள். ஆனால் அவளைப் பெற்ற தாய் என்டோரா சும்மா இருப்பாளா? சாதாரண மனிதன் ஒருவன் மாப்பிள்ளையாக வாய்த்ததே அவளுக்கு வயிற்றெரிச்சல். எனவே மூக்கை ஓர் அசைப்பு, கையை ஒரு வீச்சு, வீட்டில் யானையும் வரும், நாற்காலியும் பறக்கும்!

இதெல்லாம் நடக்கிறபோது தெருவின் எதிர்ப்பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திரை மெல்ல விலகும். இரண்டு கண்கள் தெரியும். அடுத்த விநாடி, "ஆப்னர்! ஆப்னர்!" என்று ஒரு கூக்குரல் கிளம்பும். நம் பெண்கள் அந்த நாளில் கணவன் பெயரை வாயால் சொல்லவே கூசுவார்கள், "இதோ, உங்களைத்தானே!" என்பதோடு சரி. கிளாடிஸ் அம்மாளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஊரே கேட்கும்படி கூப்பிடுவாள்.

ஆப்னர் யார்? அவளுடைய கணவன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாதவன். இந்த வர்ணனையைப் படித்ததும் உங்களில் சிலர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பீர்கள். அது என் குற்றமல்ல. ஆப்னர் முனகிக்கொண்டே எழுந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்குள் யானை மறைந்திருக்கும், நாற்காலி தரையில் இருக்கும், ஸமாந்தா ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். ஆப்னர் தன் சம்சாரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மருந்து சாப்பிட்டாயா?" என்ற தோரணையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிடுவான்.

கிளாடிஸ் தோன்றுகிற முதல் சம்பவமே ரொம்ப ரஸமானது. தொடரின் இரண்டாவது பகுதி. ஸமாந்தாவும் டாரினும் புதிதாக வாங்கப் போகும் காலி வீட்டைப் பார்க்க அம்மாவும் பெண்ணும் வருகிறார்கள். இந்த இடத்தில் சோபா இருந்தால் எப்படி இருக்கும், அந்த இடத்தில் மரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்க்கிறார்கள். நாம் புது வீட்டில் பீரோவை எங்கே போடுவது என்று ஒரு வாரம் சண்டை போடுவோமே, அதே காரியந்தான். அவர்களுக்கு ஆள் வைத்துத் தூக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். எதிர் வீட்டு அம்மாளின் கண் முன்னே மரங்கள் முளைக்கின்றன, மறைகின்றன. போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து கணவனிடம் சொல்கிறாள். அன்று ஆரம்பித்த கூக்குரல் ஏழு வருஷம் ஓயவில்லை.

கதையில் அவள்தான் வில்லி. ஸமாந்தாவின் ரகசியம் வெளிப்பட்டால் குடும்பமே குலைந்துவிடும். ஆகவே அந்த ஜன்னல் திரை விலகும்போதெல்லாம் பார்க்கிறவர்களுக்குப் 'பக்' என்கிறது. ஆனால் ஒரு பத்துப் பகுதி பார்த்த பிறகு எனக்கு வேறு ஒரு விஷயம் உறைத்தது. இந்தத் தெருவில் உண்மை பேசுகிறவள் அந்த ஒருத்திதானே? டாரின் தன் முதலாளியிடம் புளுகுகிறான். ஸமாந்தா ஊராரிடம் புளுகுகிறாள். கிளாடிஸ் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். கண்டது அத்தனையும் நடந்தது. இருந்தும் பைத்தியக்காரப் பட்டம் அவளுக்கு!

* * *

இந்தப் பாத்திரத்தில் முதலில் நடித்தவர் அலிஸ் பியர்ஸ் என்ற நடிகை. அவர் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்தத் தொடரை முன்போலச் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

அலிஸ் 1917-ம் ஆண்டு நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பெரிய பாங்கி அதிகாரி. அவருடைய உத்தியோகத்தை ஒட்டி அலிஸின் குழந்தைப் பருவத்தில் பெரும் பகுதி ஐரோப்பாவில் கழிந்தது. ஒன்பதாவது வயதில் ஊஞ்சலிலிருந்து தவறி விழுந்தார். முகவாயில் அடி. காயம் ஆறிவிட்டது. ஆனால் முகவாய் அதன் பிறகு சரியாக வளரவில்லை. உதட்டுக்குக் கீழே முகம் சட்டென்று முடிந்துவிட்டாற்போல ஆயிற்று.

ஒரு பெண் குழந்தையின் முகத்தில் இப்படி ஒரு குறை ஏற்பட்டால் நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?' என்பதுதானே முதல் வார்த்தை! அலிஸ் என்ன செய்தார் தெரியுமா? ஸாரா லாரன்ஸ் கல்லூரியில் படித்து 1940-ல் பட்டம் பெற்றார். பிறகு மேடை ஏறினார். எந்த முகத்தைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள் என்று மற்றவர்கள் பயந்திருப்பார்களோ, அதே முகத்தைக் கொண்டு, தாம் நினைத்த இடத்தில், நினைத்த விநாடியில், ஜனங்களைச் சிரிக்க வைத்தார்.

1944-ம் வருஷம் டிசம்பரில் நியூயார்க் பிராட்வேயில் 'ஆன் தி டவுன்' என்ற இசை நாடகம் அரங்கேறியது. அதில் ஓயாமல் தும்மிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணின் வேஷம் அலிஸுக்கு. ஐந்து வருஷம் கழித்து ஹாலிவுட்டில் அதைப் படமாக எடுத்தபோது ஜீன் கெல்லி, பிராங்க் ஸினாட்ரா போன்ற நட்சத்திரங்களை நடிக்க வைத்தார்கள். மேடையில் நடித்தவர்களில் அதே வேஷத்தைத் திரையிலும் ஏற்க அழைக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அலிஸ் பியர்ஸ்தான்! அந்தத் தும்மலுக்கு மாற்று கிடைக்கவில்லை போலும்.

1948-ல் ஜான் ராக்ஸ் என்ற பாடலாசிரியரை மணந்தார். கிறிஸ்துமஸ் பரிசாக எனக்கு ஒரு நீர்யானை வேண்டும் என்று ஒரு சிறுமி கேட்பதாக 1953-ல் வந்து அமெரிக்கா முழுவதும் பரவிய வேடிக்கைப் பாட்டு அவர் எழுதியது. அப்படிப்பட்ட இரண்டு பேர் குடியிருந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்திராது. ஆனால் 1957-ல் அவர் காலமானார். அலிஸுக்கு அப்போது நாற்பது வயதுகூட நிறையவில்லை.

பிறகு 1964-ம் வருஷம் வந்தது. அந்த ஒரே வருஷத்தில் அலிஸின் வாழ்க்கையில் எத்தனை சம்பவங்கள்! பால் டேவிஸ் என்ற நாடக இயக்குநரை மறுமணம் செய்துகொண்டார். 'பிவிட்ச்ட்' தொடரில் வேஷம் கிடைத்தது. அதற்கு முன் அறியாத புகழ் தேடி வந்தது. இவற்றுடன் இன்னொன்றும் வந்தது. தொடர் ஆரம்பமாவதற்கு முன்பே, அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று டாக்டர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். குணமாகக் கூடிய கட்டத்தை அது தாண்டியிருந்தது.

அதே ஆண்டு அவர் நடித்து வெளிவந்த ஒரு படத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்ரி லூயிஸ் நடித்த 'தி டிஸார்டர்லி ஆர்டர்லி'. அதில் அலிஸ் ஓர் ஆஸ்பத்திரி நோயாளி. தன் உடம்பில் எங்கெங்கே என்னென்ன வலி என்று விஸ்தாரமாக வர்ணித்துக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டு நிற்கிற ஜெர்ரி லூயிஸுக்கு அந்த வலிகளெல்லாம் தனக்கே வந்தாற்போல உடம்பு முறுக்கிக்கொள்ளும். கொட்டகை கொல்லென்று சிரிக்கும். படத்தில் இல்லாத வியாதிகளையெல்லாம் வாய் ஓயாமல் சொன்னவர், வாழ்க்கையில் இருந்த ஒரு வியாதியைப் பற்றி உடன் நடித்தவர்களிடம் வாய் திறக்கவில்லை.

* * *

ஆம், அவர் அதைத் தம்மோடு வைத்துக்கொண்டார். எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஓட்டை வாய் கிளாடிஸாக வாரா வாரம் நடித்துக்கொண்டே! இரண்டாவது வருஷத்துப் பகுதிகளைப் பார்த்தால் நமக்குத் தெரிகிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது, கை மெலிந்திருக்கிறது. குரல் மட்டும் இளைக்கவில்லை. "ஆப்னர்!" என்ற அந்தக் கூப்பாடு முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

அந்த நடிப்பு எவ்வளவு கஷ்டமானது என்பதையும் சொல்ல வேண்டும். 'பிவிட்ச்ட்' தொடரை ரஸிகர்களை உட்கார வைத்து எடுக்கவில்லை. சினிமாப் படம் போல ஒரே காமிரா. நாம் கேட்கும் சிரிப்பொலி பிறகு சேர்த்தது. பொருள்கள் தோன்றி மறையும் மாயமெல்லாம் பழைய சினிமா தந்திரந்தான். காமிராவை நிறுத்துவார்கள், நடிகர்கள் கை தூக்கியது தூக்கியபடி சிலையாக நிற்பார்கள், ஆட்கள் ஓடி வந்து நாற்காலியை எடுத்துவிட்டுப் போவார்கள், மறுபடி காமிரா ஓடும். வீட்டின் உட்புறம் ஸ்டூடியோவுக்குள். தெருவும் வீட்டு முகப்புகளும் பர்பாங்க் என்ற ஊரில், கொலம்பியா கம்பெனியின் திறந்தவெளித் தளத்தில். ஆகவே ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு அலிஸ் விழி பிதுங்க வெறித்துப் பார்க்கும்போது எதிரே யானையும் இல்லை, பறக்கும் நாற்காலியும் இல்லை. சிரிப்பதற்கு ஜனங்களும் இல்லை. வெறும் இடத்தைப் பார்த்துத்தான் அத்தனை திகிலையும் முகத்தில் கொண்டுவந்தார். அந்தப் பார்வையை நாம் நம்பியதால்தான் மாயத்தையும் நம்பினோம்.

ஆப்னராக நடித்த ஜார்ஜ் டோபியாஸையும் மறக்கக் கூடாது. 1901-ல் பிறந்தவர், 1940-களில் பெரிய பெரிய படங்களில் கதாநாயகர்களுக்குத் தோழனாக நடித்துப் பழுத்தவர். கிளாடிஸ் நூறு வார்த்தை கத்தினால் அவர் அரை வார்த்தையில் அணைப்பார். ஒருவர் வாண வெடி என்றால் இன்னொருவர் தண்ணீர் வாளி. இரண்டும் சேர்ந்தால்தான் ஹாஸ்யம். இந்த ஜோடிப் பொருத்தத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, டாரிஸ் டே கதாநாயகியாக நடித்த 'தி கிளாஸ் பாட்டம் போட்' என்ற படத்திலும் இவர்கள் இருவரையுமே பக்கத்து வீட்டுத் தம்பதிகளாகப் போட்டார்கள். அது 1966-ல் திரைக்கு வந்தபோது அலிஸ் உயிரோடு இல்லை.

1966-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அலிஸ் பியர்ஸ் காலமானார். வயது 48. அந்த மே மாதம் 22-ந் தேதி டெலிவிஷன் உலகின் பெரிய பரிசான எம்மி விருதுகளை அறிவித்தார்கள். ஹாஸ்யத் தொடர்களில் சிறந்த துணை நடிகை என்று அலிஸின் பெயரைச் சொன்னார்கள். கணவர் பால் டேவிஸ் பரிசைப் பெற்றுக்கொண்டார். அந்தப் பரிசுக்காக அன்று அலிஸுடன் போட்டியிட்டவர்களில் ஒருவர், மாமியார் என்டோராவாக நடித்த அக்னஸ் மூர்ஹெட். இரண்டு வருஷம் கழித்து, 1968-ல், இதே தொடரில் மறதிக்கார அத்தை கிளாராவாக நடித்த மேரியன் லோர்ன் என்ற மூதாட்டி மே மாதம் 9-ந் தேதி இறந்தார். பத்து நாள் கழித்து அதே எம்மி பரிசு அவருக்கு! அந்தத் தடவையும் போட்டியில் இருந்து பரிசு கிடைக்காமல் போனவர் மூர்ஹெட் அம்மாள். இந்தத் தொடருக்காக ஆறு முறை பெயர் எழுதப்பட்டும் ஒரு முறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. மறைந்துபோன இரண்டு தோழிகளிடம் தோற்பதில் வருத்தப்படவும் முடியாது, சந்தோஷப்படவும் முடியாது. என்ன சங்கடம் பாருங்கள்!

* * *

ஒரு நடிகை போய்விட்டால் பாத்திரமும் போய்விட வேண்டுமா? டெலிவிஷன்காரர்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. முதலில் சில பகுதிகளுக்கு, கிளாடிஸ் ஊரில் இல்லை என்று சாக்குச் சொல்லி, ஆப்னரின் சகோதரி ஹாரியட் என்று ஒருத்தியை ஜன்னலோரத்தில் நிறுத்தினார்கள். மேரி கிரேஸ் கான்ஃபீல்ட் என்ற நடிகை அந்த வேஷத்தில் வந்தார். பிறகு 1966-ம் ஆண்டு செப்டம்பரில், மூன்றாவது வருஷம் தொடங்கியபோது, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் வேறொரு கிளாடிஸ் திரையை விலக்கினாள். அவர் சாண்ட்ரா கூல்ட்.

அதே வருஷம் தொடர் கறுப்பு-வெள்ளையிலிருந்து வர்ணத்துக்கு மாறியது. ஆகவே அலிஸின் கிளாடிஸ் முழுக்க முழுக்கக் கறுப்பு-வெள்ளையில் படமானவள். சாண்ட்ராவின் கிளாடிஸ் முழுக்க முழுக்க வர்ணத்தில் வந்தவள். காலமே குறுக்கே ஒரு கோடு போட்டுப் பிரித்துவிட்டது.

இறந்துபோன ஒருவரின் இடத்துக்கு வருவது இருக்கிறதே, அதைவிட நன்றியில்லாத வேலை வேறு இல்லை. இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டுப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ரசம் எவ்வளவு நன்றாக வைத்தாலும், "அவள் வைத்தது போல இல்லை" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். சாண்ட்ராவுக்கும் அதே கதிதான். "முதல் கிளாடிஸ் போல வருமா?" என்று இன்றைக்கும் ரஸிகர்கள் கட்சி பிரிந்து பேசுகிறார்கள். நானும் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். என் கட்சி அலிஸ்தான். அலிஸின் கிளாடிஸிடம் பயம் இருந்தது. 'ஒருவேளை எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ?' என்று தன்னையே சந்தேகிக்கிற பயம். சாண்ட்ராவின் கிளாடிஸிடம் கோபம் இருந்தது. 'நான் பார்த்தேன் என்கிறேன், நம்பமாட்டேன் என்கிறாயே!' என்கிற கோபம். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயந்தானே? இரண்டு வருஷம் ஒருவரும் நம்பாவிட்டால் பயப்படலாம். ஏழு வருஷம் நம்பாவிட்டால் கத்தத்தான் செய்வார்கள்.

சாண்ட்ரா கூல்ட் 1916-ல் பிறந்தவர். கணீரென்ற குரல். 1940-களில் 'டஃபீஸ் டாவர்ன்' என்ற பிரசித்தமான ரேடியோ நாடகத்தில் மிஸ் டஃபி வேஷத்தில் நடித்தார். அங்கேயும் அந்த வேஷத்தை முதலில் ஏற்றுப் புகழ் பெற்றவர் வேறொருவர். சாண்ட்ரா பின்னால் வந்தவர்களில் ஒருவர். இன்னொருத்தி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து, முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையைப் பார்க்க அவர் ரேடியோவிலேயே பழகியிருந்தார். 1971 வரையில் கிளாடிஸாக நீடித்தார். ஸமாந்தாவின் மகளைக் கதாநாயகியாக வைத்து 1977-ல் 'டாபிதா' என்ற தொடர் வந்தபோதும் அவரே எட்டிப் பார்த்தார். 1999-ல் காலமானார். இரண்டே வருஷம் நடித்தவருக்குப் பரிசும் கண்ணீரும். ஐந்து வருஷம் சுமந்தவருக்கு ஒப்பீடுதான் மிச்சம். அவரையும் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கௌரவித்து வைப்போம்.

இருவரும் சேர்ந்து சாதித்தது என்ன தெரியுமா? அமெரிக்காவில் அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற யாரையும் 'கிளாடிஸ் கிராவிட்ஸ்' என்றே சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. நம் ஊரில் மூட்டிவிடுகிறவர்களை நாரதர் என்கிறோம், தூங்குகிறவர்களைக் கும்பகர்ணன் என்கிறோம். அந்த வரிசையில் ஓர் எதிர் வீட்டு அம்மாளின் பெயர் ஏறிவிட்டது.

* * *

இப்போது என் எதிர் வீட்டு மாமிக்கு வருகிறேன்.

அவளிடம் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது யாரு?" "என்னடி, ரெண்டு நாளாக வாசலில் கோலத்தைக் காணோம்?" இப்படி ஓயாத விசாரணை. அந்தப் பக்கத்து ஜன்னலுக்கென்றே கனமான துணியில் ஒரு திரை தைத்து மாட்டினேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது மாமி என் காதோடு காதாகச் சொன்னாள். "உன் மாமியார் ஒரு வாரமாக மாடிப்படியில் மூணு இடத்தில் நின்று நின்று ஏறுகிறார். போன மாதம் விறுவிறுவென்று ஏறுவாரே? கவனித்தாயோ?" எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு மாடிப்படியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணுவதா இவள் வேலை! அன்று இரவு என் கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "அவளுக்குப் பொழுது போகவில்லை. அம்மாவுக்கு வயசு ஆகவில்லையா?" என்று அவர் பத்திரிகையைப் புரட்டினார்.

இரண்டு நாள் கழித்து நானே நின்று பார்த்தேன். மூன்று இடத்தில் அல்ல, நான்கு இடத்தில் நின்றார் என் மாமியார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லையம்மா, கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, ஏதோ மூச்சு வாங்குகிறது" என்றார். சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! எங்கள் காதில்தான் விழவில்லை. டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விபரீதமாகியிருக்கும் என்றார். கடுமையான ரத்தசோகை. சிகிச்சை நடந்தது. இப்போது நிற்காமல் ஏறுகிறார்.

அலிஸ் பியர்ஸின் வியாதியைப் பற்றிப் படித்தபோது இதுதான் என் நினைவுக்கு வந்தது. சினைப்பைப் புற்றுநோய் சத்தம் போடாமல் வருகிற நோய். எல்லாப் பெண்களையும் சோதித்து முன்கூட்டியே கண்டுபிடித்துவிடக் கூடிய நம்பகமான பரிசோதனை அதற்கு இன்றைக்கும் இல்லை. அது காட்டுகிற அடையாளமெல்லாம் நாம் அன்றாடம் அலட்சியம் செய்கிறவைதான்: வயிற்று உப்பசம், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டாற்போலத் தோன்றுவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது. இவை வந்தாலே அந்த நோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வந்து, வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? "என்னமோ சரியாக இல்லை" என்று அவள் சொல்வாள். "வாயுவாக இருக்கும், பெருங்காயத்தைப் போட்டு மோர் குடி" என்பார்கள். "நான் சொல்கிறேனே!" என்பாள். பத்திரிகை அசையும், தலை நிமிராது. வீட்டுக்கு வீடு ஓர் ஆப்னர்; சில வீட்டில் அந்த ஆப்னர் புடவை கட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. நானே இருந்தேனே!

ஆகவே சகோதரிகளே, உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் கண் கண்டதை, ஒருவரும் நம்பாவிட்டாலும், கிளாடிஸைப் போல இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள். வீட்டில் வேறொருத்தி சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வரையில் எழுந்து வாருங்கள்.

கனத்த திரையைக் கழற்றி மெல்லிய திரையாக மாட்டிவிட்டேன். மாமிக்கு அதில் பரம திருப்தி. இந்தக் கட்டுரையை எழுதி முடித்த மறுநாள் காலை பால் வாங்க வெளியே வந்தால், வாசலிலேயே நிற்கிறாள்.

"ராத்திரி ரெண்டு மணி வரையில் விளக்கு எரிந்ததே, அப்படி என்னடி எழுதினாய்?"

"உங்களைப் பற்றித்தான், மாமி!"

"போடி! நான் என்ன செய்தேன், என்னைப் பற்றி எழுத?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் வீட்டு ஜன்னல் திரை விலகுவதற்கு அரை நிமிஷங்கூட ஆகவில்லை.